மூன்றாவது குண்டும் ஏழாவது குண்டும்

மாகோ,
2 மார்ச் 2016

திரு. ஹல்மோஷ் வெண்டெல் அவர்களுக்கு,

என் தொலைபேசியில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். தடையை நீக்கும் எண்ணம் இல்லை. அதனால்தான் கடிதம்.

என் காற்றுத் துப்பாக்கியை விற்கப் போகிறேன். ஸெகெட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சிலிண்டரில் காற்று நிரப்பி நாலைந்து முறை சுட்டார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சுடும்போது மூஞ்சில காத்து அடிக்குதுங்க. உள்ள ஏதோ சீல் தேஞ்சிருக்கு. கடைசியா யாரு பிரிச்சுப் பார்த்தது? தேதியோட எழுதித் தாங்க" என்றார். கடைசியாகப் பிரித்தவர் நீங்கள். எந்த மாதம், எந்தெந்த சீல்களை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மே முதல் தேதி என் கால்நடை கிளினிக்கை, என்னோடு வேலை பார்க்கும் டாக்டர் எமெஷேயிடம் ஒப்படைக்கிறேன். ஊரார் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். காரணம் கேட்க வேண்டாம்.

ஹல்மோஷ் ஷரோல்டா


ஸெம்ப்லேன், வனக்காவலர் குடியிருப்பு,
9 மார்ச்

அக்கா,

'அவர்களுக்கு'! 'நீங்கள்'! தபால்காரர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "கோர்ட்லேர்ந்தா?" என்று கேட்டார். "இல்ல, எங்கக்காகிட்டேர்ந்து" என்றேன். "அப்போ கோர்ட்டே தேவலாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவள், எனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள், என்னைத் திருவாளர் ஆக்கிவிட்டாய். சரி.

2014 ஏப்ரலில் பிரித்தேன். வால்வு சீல், சிலிண்டர் வாய் சீல், போல்ட் முனை ஓ-ரிங் வளையம் எல்லாம் புதிதாகப் போட்டேன். குண்டுகளை அடுக்கும் மேகசினையும் சுத்தம் செய்தேன். கையெழுத்திட்ட தாள் உள்ளே இருக்கிறது.

முகத்தில் காற்று அடிப்பது போல்ட் முனை வளையத்தின் வேலை. போல்ட் குண்டைக் குழலுக்குள் தள்ளியதும் பின்பக்கத்தை அடைத்து நிற்பது அந்த வளையம்தான். அது தேய்ந்தால் குண்டைத் தள்ள வேண்டிய காற்றில் கொஞ்சம் உன் கன்னத்துக்கு வந்துவிடும். குண்டும் கீழே இறங்கும். பட்டாணியைவிடச் சின்ன ரப்பர். அதற்காகத் துப்பாக்கியையே விற்பார்களா? மற்ற இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார். குமிழி வந்தால் எழுது.

கிளினிக்கை ஏன் கொடுக்கிறாய்? உனக்கு ஐம்பத்தேழு வயதுதான். கேட்க வேண்டாம் என்றாய், கேட்டுவிட்டேன்.

2014 செப்டம்பரில் எகெர் துப்பாக்கி சுடும் போட்டி முடிந்ததும் நான் பேசியதுதான் உன் மனதில் இருக்கிறதென்றால், அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

வெண்டெல்


மாகோ,
17 மார்ச்

வெண்டெலுக்கு,

சோப்புத் தண்ணீர் தடவினேன். எங்கும் குமிழி இல்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்தும் மீட்டரில் முள் இறங்கவில்லை.

நீங்கள் எகெரில் 'பேசியது' என்று எவ்வளவு சுலபமாக எழுதுகிறீர்கள். வார்த்தைகள் மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "எங்கக்காவுக்குக் கை போயிடுச்சு. அப்பாவுக்கு வந்த மாதிரியே இவளுக்கும் வந்துடுச்சு. இனிமே டீம்ல சேர்க்காதீங்க." பதினெட்டு பேர் கேட்டார்கள். அப்பாவை அடக்கம் செய்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. நான் துப்பாக்கியைப் பையில் போட்டு மூடினேன். ஜிப் சிக்கிக்கொண்டது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

காரணம் கேட்டீர்களே, சொல்கிறேன். நீங்கள் சொன்னது சரி. சந்தோஷமா?

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கிளினிக்கின் பின்னால் இருபத்தைந்து மீட்டரில் தாள் ஒட்டிப் பத்து குண்டு சுடுகிறேன். ஒரு மேகசின். அறுவைக் கத்தியை வைத்துக் கையைச் சோதிக்க முடியாது. அடுத்தவர் நாய் படுத்திருக்கும். அதனால் துப்பாக்கி. முன்பெல்லாம் பத்தும் ஒரு நாணயத்துக்குள் அடங்கும். இப்போது எப்படிப் போகிறதென்று நீங்களே பாருங்கள். கடைசி ஒன்பது தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலில் இருப்பது எத்தனையாவது குண்டு என்ற எண். எதையும் எண் போட்டு வைப்பது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

டிசம்பரில் ஒரு பூனைக்குக் கருத்தடை செய்துகொண்டிருந்தேன். கத்தரிக்கோலை வைக்கும்போது தட்டில் கிணுங்கென்று சத்தம் கேட்டது. அப்பாவின் சூப் தட்டில் கரண்டி மோதும் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றோடு அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டேன். எமெஷேயால் முடியாததையெல்லாம் ஸெகெட் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். எமெஷேயிடம் முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல நேர்ந்தது என் தலைவிதி.

ஷரோல்டா


ஸெம்ப்லேன்,
22 மார்ச்

அக்கா,

எதிலும் கையெழுத்துப் போடாதே. கிளினிக் பத்திரத்திலும் சரி, துப்பாக்கி விற்பதிலும் சரி. முதலில் இதைப் படி.

உன் ஒன்பது தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். மனசு வலிக்கத்தான் பார்த்தேன். நாலாவது தாளில் ஏதோ உறுத்தியது. திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். உன் பென்சில் எண்களைப் படித்துக்கொண்டே போனேன்.

வெளியே தள்ளிப் போனவை எவை தெரியுமா? மூன்றாவதும் ஏழாவதும். ஒன்பது தாளிலும் அதே இரண்டு. மூன்றாவது எப்போதும் இடப்பக்கம் மேலே. ஏழாவது எப்போதும் இடப்பக்கம், இன்னும் தள்ளி. மற்ற எட்டும் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கின்றன. அது தேய்ந்த வளையத்தால். பக்கவாட்டில் அவை நகரவே இல்லை.

நடுக்கத்துக்கு எண்ணத் தெரியாது, அக்கா. கை நடுங்குகிற ஆளுக்கு இரண்டு குண்டு ஒழுங்காகப் போய், மூன்றாவது மட்டும் கோணி, பிறகு மூன்று ஒழுங்காகப் போய், ஏழாவது கோணுமா? அதுவும் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை?

இப்படிச் செய். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்று, குழலில் குண்டில்லை என்று பார். பிறகு போல்ட்டை உருவி, முனையில் இருக்கும் பழைய வளையத்தைப் பல் குத்தும் குச்சியால் நெம்பி எடு. ஊசியால் எடுக்காதே, உலோகத்தில் கீறல் விழும். உறையில் புது வளையம் இரண்டு வைத்திருக்கிறேன். துளி சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடு. எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடிக்கும்.

அப்புறம் மேகசின் இல்லாமல், ஒவ்வொரு குண்டாகக் கையால் வைத்துப் பத்து சுடு. தாளைப் பார்.

கடைசியாக, சிலிண்டர் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு மேகசினைப் போடு. போல்ட்டைத் தள்ளி, சுடாமல், குழல் துடைக்கும் கம்பியால் ஒவ்வொரு குண்டையும் திரும்ப வெளியே எடு. பத்தையும் வரிசையாக வைத்து, மூன்றையும் ஏழையும் லென்ஸில் பார்.

உடனே எழுது. இங்கே போன் சிக்னல் பிடிக்க மலையில் அரை மணி ஏற வேண்டும். நீ தடையை நீக்கினால் ஏறுகிறேன்.

வெண்டெல்


மாகோ,
28 மார்ச், ஈஸ்டர் திங்கள்

டேய் வெண்டெல்,

வளையத்தை மாற்றினேன். பழையது ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தட்டையாகிக் கிடந்தது. கையால் வைத்துப் பத்து சுட்டேன். தாள் வரை நடந்து போகவே பயமாக இருந்தது. பத்தும் ஒரே ஓட்டை. ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். நான் நம்பவில்லை. இன்னொரு தாள் ஒட்டினேன். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தாள் ஒட்டினேன்.

பிறகு மேகசினோடு சுட்டேன். மூன்றும் ஏழும் இடப்பக்கம் போயின. காற்றை வெளியேற்றிவிட்டு நீ சொன்னபடி குண்டுகளைக் கம்பியால் எடுத்தேன். எட்டு குண்டு வடிவம் மாறாமல், பளபளவென்று இருந்தன. மூன்றாவதின் பாவாடை, அந்த மெல்லிய பின் விளிம்பு, ஒரு பக்கம் சீவப்பட்டிருந்தது. ஏழாவதும் அப்படித்தான், இன்னும் ஆழமாக.

கிளினிக்கின் பின்னால், துப்பாக்கி மடியில், மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு ஒட்டோ, பெண்கள் தலையில் தெளிக்கும் ஈஸ்டர் வழக்கப்படி சென்ட் பாட்டிலோடு வேலியைச் சுற்றி வந்துவிட்டார். என் தலையில் தெளித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார். "ஐயையோ டாக்டர், கண்ணுல பட்டுடுச்சா?" என்றார். "ஆமா, பட்டுடுச்சு" என்றேன். மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே அழைத்துப் போய் ஹாமும் முட்டையும் கொடுத்து அனுப்பினேன். இன்னும் தலையெல்லாம் லைலாக் பூ நாற்றம்.

சாயங்காலம் மேகசினைப் பிரித்தேன். குண்டுகள் உட்காரும் வட்டத் தட்டு இருக்கிறதே, அதன் விளிம்பில் பத்து பல். ஒவ்வொரு பல்லும் ஒரு துளையைக் குழலுக்கு நேராக நிறுத்துகிறது. எட்டுப் பல் கறுப்பாக, கூர்மையாக இருக்கிறது. மூன்றாவதும் ஏழாவதும் வெள்ளையாக, சரிவாக இருக்கிறது. அந்த இரண்டிலும் குறுக்குக் கோடுகள். நான் குதிரைப் பல்லுக்கே அரம் போடுகிறவள். அரம் போட்ட தடம் எனக்குத் தெரியும்.

அந்தத் தட்டுக்கு அரம் போட்டது யார்?

ஷரோல்டா


ஸெம்ப்லேன்,
20 ஏப்ரல்

அக்கா,

மூன்று வாரத்தில் நாலு கடிதம் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன்.

நான்தான்.

2014 ஏப்ரலில் சீலெல்லாம் மாற்றி முடித்த பிறகு மேகசினைச் சுற்றிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு பல்லையும் சின்ன அரத்தால் லேசாகத் தடவிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று நினைத்தேன். மூன்றாவது பல்லில் என் விரல்கள் திடீரென்று செத்துப்போயின. காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போகுமே, அது போல. அரம் நழுவியது. கையை உதறிவிட்டுத் தொடர்ந்தேன். ஏழாவதில் மறுபடியும் நழுவியது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மயிரிழைதான் என்று பட்டது. அந்த மயிரிழை இரண்டு வருடம் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. மாட்டி ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தோடு நிறுத்திவிட்டேன். அதில் மூன்றாவது கொஞ்சம் விலகியது, பார்த்தேன். காற்று வீசியது என்று சொல்லிக்கொண்டேன். அன்று இலை அசையவில்லை, அக்கா.

எகெரில் நீ தவறவிட ஆரம்பித்ததும் எனக்கு அந்த மேகசின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சத்தியமாக வரவில்லை. எனக்கு வந்தது அப்பாவின் கை. ஏனென்றால் அரம் நழுவியதிலிருந்து ஐந்து மாதமாக நான் வேறு எதையும் நினைக்கவில்லை. காபிக் கோப்பை நழுவுகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. விடியற்காலையில் எழுந்தால் மூன்று விரல் எனக்குச் சொந்தமில்லை. அப்பாவுக்கு வந்தது நம் இருவரில் ஒருவருக்கு வரும் என்றால் அது நீயாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது. நான் கத்தியபோது எல்லோரும் உன் கையைப் பார்த்தார்கள். என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

டாக்டரிடம் போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்கள்.

புதுத் தட்டு ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். பெட்டி பிரிக்காதது. நான் தொடவில்லை.

தம்பி


மாகோ,
24 ஏப்ரல்

வெண்டெல்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கையில் கிடைத்ததை எறிந்தேன். அது எமெஷேயின் தேநீர்க் கோப்பை. இரண்டு வருடம்டா. டிசம்பரிலிருந்து நான் வளர்க்கிற கோழியைக்கூட அறுக்கக் கை வராமல் இருந்தேன். உன்னை மன்னிப்பது பற்றி இப்போது எதுவும் கேட்காதே. அதற்கு வேறு ஒரு நாள் வைத்துக்கொள்வோம்.

முதலில் என் செய்தி. துப்பாக்கி ஒன்றும் டாக்டர் இல்லை. தாள் நன்றாக இருக்கிறது என்பதற்காக என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதனால் 19-ஆம் தேதி ஸெகெட்டில் நரம்பு டாக்டரிடம் போனேன். சுருள் கோடு போடச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடக்கவிட்டார், மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்தார். கடைசியில், "டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. காலையிலேர்ந்து அஞ்சு காபி குடிச்ச என் கைதான் உங்க கையைவிட ஆடுது. எதுக்கு இவ்வளவு நாள் பயந்தீங்க?" என்றார். மேகசின் கதையையும் நீ எகெரில் கத்தியதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "உங்க தம்பி உயிரோட இருக்காரா?" என்றார். "இப்போதைக்கு" என்றேன்.

இப்போது நீ. அப்பாவுக்கு விரல் மரத்ததே இல்லை. நடுங்கியது, மெதுவானது, விறைத்தது. உனக்கு மரத்துப்போகிறது, அதுவும் தூங்கி எழும்போது, அதுவும் மூன்று விரல். நான் நாய்க்கும் மாட்டுக்கும்தான் டாக்டர். இருந்தாலும், முப்பது வருடம் மரம் அறுக்கும் மெஷினைப் பிடித்த கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மிஷ்கோல்ட்ஸ் ஆஸ்பத்திரியில் 24 மே, காலை ஒன்பது மணி, உன் பெயரில் பதிவு செய்துவிட்டேன். போகவில்லையென்றால் நான் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவேன். வனத்துறை மொத்தமும் பார்க்கட்டும்.

கிளினிக்கை இப்போதைக்குக் கொடுக்கவில்லை என்று எமெஷேயிடம் சொல்லிவிட்டேன். "முதுகுவலி போச்சா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு கோப்பைக்காகத் திட்டினாள். ஆனால் கத்தியை இன்னும் தொடவில்லை. தெரிந்துகொள்வது வேறு, எடுப்பது வேறு.

அக்கா


ஸெம்ப்லேன்,
30 மே

அக்கா,

போனேன். கையில் ஊசி குத்திக் கரண்ட் விட்டார்கள். தவளை மாதிரி விரல் துள்ளியது. டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. ரெண்டு கையிலயும். மெஷின் பிடிக்கிற ஆளா?" என்றார். "எங்கப்பாவுக்குப் பார்க்கின்சன்" என்றேன். "நான் அதைக் கேக்கலையே" என்றார். "எங்கப்பாவுக்கு..." என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "அது அவருக்கு. உங்களுக்கு இது. வலது கைக்கு அரை மணி நேரம் ஆபரேஷன், அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டிருந்தா கட்டைவிரல்ல பலமே போயிருக்கும்."

ரயில் நிலையத்தில் பூண்டும் புளிப்புக் கிரீமும் போட்டு இரண்டு லாங்கோஷ் எண்ணெய் ரொட்டி தின்றேன். மூன்றாவது கேட்டபோது கடைக்காரி, "நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றாள். "நல்லது" என்றேன். மூன்றாவதைச் சும்மா கொடுத்தாள். என் ரயிலை விட்டுவிட்டேன். அடுத்த ரயிலையும் விட்டுவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இருந்தேன்.

நேற்று ஞாயிறு எகெரில் இந்த வருடத்தின் முதல் போட்டி. துப்பாக்கி இல்லாமல் போனேன். சுட ஆரம்பிக்கும் முன் மேசைமேல் ஏறி நின்று சொன்னேன். அரம் போட்டதைச் சொன்னேன், ஐந்து குண்டோடு நிறுத்தியதைச் சொன்னேன், என் கையை மறைத்ததையும் சொன்னேன். உன் தாள்கள் ஒன்பதையும் பலகையில் குத்தி வைத்தேன். டீம் கேப்டன் தாள்கிட்டே போய் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். திரும்பி, "அன்னைக்கு உங்கக்கா எத்தனையாவது வந்தாங்க?" என்றார். "ஒன்பதாவது" என்றேன். "நாப்பத்திமூணு பேர்ல, கோணப் பல்லை வச்சுக்கிட்டு ஒன்பதாவதா? அன்னைக்கு நான் பதினொண்ணு. என் மேகசின் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீ கீழ இறங்கு. இனிமே யாரோட மேகசினையும் தொடாத" என்றார். அது சிரிப்பதற்காகச் சொன்னதில்லை.

செப்டம்பர் போட்டிக்கு உன் பெயரை எழுதிவிட்டார். பிடிக்காவிட்டால் அவரிடம் சொல், என்னிடம் சொல்லாதே.

ஆபரேஷன் 17 ஜூன். பத்து நாள் வலது கையால் எதுவும் செய்யக் கூடாதாம். இதைத் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி


மாகோ,
6 ஜூன்

வெண்டெல்,

16-ஆம் தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். 'தகவலுக்காக' எழுதுகிற ஆளைத் தெரியாதா எனக்கு? வீட்டைக் கூட்டி வை. உன் எண்ணின் தடையை நீக்கிவிட்டேன். அதற்காக தினமும் மலை ஏறாதே.

மேசைமேல் ஏறினாயாமே. கேப்டனின் மனைவி போன் செய்தாள். அவள் சொன்னதில் நீ அழுதும் இருக்கிறாய், உன் கடிதத்தில் அது இல்லை. செப்டம்பருக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.

நேற்று நடந்ததை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, எமெஷே ஊரில் இல்லை. வெங்காயத் தோட்டம் ஷெபெஷ்டியேன் தன் விஷ்லா நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "மக்காச்சோளத் தண்டை முழுங்கிடுச்சு டாக்டர். ரெண்டு நாளா வாந்தி. நான்தான் போட்டேன், கடிச்சு விளையாடட்டும்னு." வயிற்றை அழுத்தினேன். குடலில் கட்டையாக நின்றது. ஸெகெட்டுக்கு அனுப்பலாம் என்று வாயைத் திறந்தேன். நாயின் ஈறு வெள்ளையாக இருந்தது. ஸெகெட் வரை தாங்காது.

"தூக்கி மேசையில வைங்க" என்றேன். "நீங்களா பண்றீங்க? இப்போ பண்றதில்லன்னு..." என்று இழுத்தார். "தலையைப் பிடிங்க, பேசாதீங்க" என்றேன்.

மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தேன். தண்டு எட்டு சென்டிமீட்டர். குடல் ஓரிடத்தில் கறுத்திருந்ததால் அந்தத் துண்டையும் வெட்டி எடுத்து இணைக்க வேண்டியிருந்தது. மெல்லிய நூல், பதினாறு தையல், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி. ஒன்று கசிந்தாலும் நாய் போய்விடும். நடுவில் ஒரு முறை மூச்சு நின்றது. ஷெபெஷ்டியேன் மேரி மாதாவைக் கூப்பிட்டார், நான் அவரைவிடச் சத்தமாக நாயைத் திட்டினேன், திரும்ப மூச்சு விட்டது. வயிற்றை மூடி, கடைசி முடிச்சைப் போட்டு, நூலை நறுக்கி, கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். குழாயைத் திறந்து கைகழுவும்போதுதான் உறைத்தது. ஒன்றரை மணி நேரம், ஒரு தடவைகூட நான் என் கையைப் பார்க்கவில்லை.

நாய் பிழைத்துவிட்டது. இப்போது எழுந்து நின்று கூண்டுக் கதவைச் சுரண்டுகிறது. போய்த் தண்ணீர் வைக்க வேண்டும்.

அக்கா